ஓட்டுக் கேட்காத பந்தல்

ஜெகதீசனுக்குப் பிடிக்காதவர்களை வரிசையாக நிற்க வைத்தால், கூட்டேரிப்பட்டில் தொடங்கும் வரிசை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். அதில் முதல் ஆளாகத் தலைப்பாகையோடு நிற்பவர் பல்விந்தர் சிங்.

ஜெகதீசனுடையது நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடை. லாரி டயர் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் இராத்திரியும் அங்கேயே கட்டில் போட்டுப் படுப்பார். பக்கத்துத் தகரக் கொட்டகை சிங்கின் தாபா. சிங் வெகுகாலம் இதே சாலையில் லாரி ஓட்டியவர். முழங்கால் தகராறு செய்ததும் இங்கேயே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். தமிழையும் லாரியிலேயே கற்றுக்கொண்டதால், அதில் இலக்கணத்தைவிட வசவு கொஞ்சம் கூடுதல்.

கோழி கூவுவதற்கு முன்பே சிங் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து ஜப்ஜி சொல்வார். அது சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனை. மணி கிடையாது, மைக் கிடையாது. ஒரே சீரான முணுமுணுப்பு. ஆனால் தகரத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவருக்கு அது காதுக்குள் புகுந்த கொசு. ஜெகதீசன் எழுந்து போய்க் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார். ஒரு டயரும் இல்லாமல் அது தடதடவென்று ஓடும். சிங் குரலை உயர்த்தவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். முடிந்ததும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

“நான் என்னமோ இவனுக்கு மேளம் வாசிச்ச மாதிரி டீ குடுத்துட்டுப் போறான் பாரு” என்று அதற்கும் ஒரு கோபம். டீயை மட்டும் குடித்துவிடுவார். டீயோடு அவருக்குப் பகை இல்லை.

கார்த்திகை பௌர்ணமியன்று, ஊரே திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், குருநானக் பிறந்தநாள் என்று சிங் நெய் சொட்டச் சொட்டக் கோதுமை அல்வா கொடுத்தார். ஜெகதீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்திரை பிறந்ததும், “இன்னிக்கு எங்களுக்கும் வைசாகி, அண்ணே” என்று கை குலுக்க வந்தார். “எங்க வருசப் பொறப்பையும் உட்டு வைக்கலையாடா நீங்க?” என்று ஜெகதீசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறைப் பகை. மொத்தப் பகை தண்ணீரில் வந்தது.

ஜெகதீசன் போன தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்று தோற்றவர். அடுத்ததில் தோற்றால் வீட்டு நாய்கூட மதிக்காது என்பது அவர் கணக்கு. அதற்காகவே கோடை தோறும் பஸ் நிறுத்தத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுவார். பானை சின்னதாக இருக்கும். பேனரில் அவர் முகம் பெரிதாக இருக்கும். இந்த வருடமும் போட்டு, கத்திரி வெயில் முடிந்ததும் பிரித்துவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு காலை பார்த்தால், அவர் மூங்கில் நட்ட அதே குழிகளில் சிங் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். மேலே காவித் துணி, ஓரத்தில் நீலத் துணி. கீழே டிரம், ஐஸ்கட்டி, பால், ரோஸ் சிரப்.

“இன்னாயா சிங்கு இது?”

“சபீல், அண்ணே. எங்க தண்ணிப் பந்தலு. ரோஸ் மில்க். எல்லாருக்கும் ஃப்ரீ.”

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்ல. குரு.”

“குரு எந்த வார்டுல நிக்கறாரு?”

சிங் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெகதீசன் சிரிக்கவில்லை.

“உன் படம் எங்க?”

“எதுக்குப் படம்?”

படம் இல்லாத பந்தலை ஜெகதீசன் வாழ்நாளில் பார்த்ததில்லை. காவியும் நீலமும் ஒரே கொம்பில் பறப்பதையும் பார்த்ததில்லை. இது ஏதோ பெரிய கூட்டணி என்று முடிவு கட்டினார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி கோவிந்தம்மாளிடம் கொட்டித் தீர்த்தார்.

“அவரு எலெக்சன்ல நிக்கறாருன்னு உனக்கு யாருய்யா சொன்னது?” என்றாள் அவள்.

“யாரும் சொல்லல. அதான் டேஞ்சரு.”

“சும்மா தண்ணி ஊத்தறாரு மனுசன்.”

“சும்மா எவனாவது தண்ணி ஊத்துவானாடி? நானு ஊத்தினேனே, சும்மாவா ஊத்தினேன்?”

கோவிந்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய முதல் உண்மை அது.

ஜெகதீசன் நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுகொண்டார். மயிலம் போகிற காலேஜ் பிள்ளைகள், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. “குடிக்காதீங்க. குடிச்சா ஆதார் நம்பர் கேப்பான். அப்புறம் உங்க ஓட்டு உங்களுது இல்ல.” வெயில் மண்டையைப் பிளந்தது. ஆதார் பயம் தாகத்தை ஜெயித்தது. சிங் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார். ஐஸ் கரைந்துகொண்டே போனது. ஒருவரும் வரவில்லை.

எதிரி விழுந்துவிட்டான், ஆனாலும் ஆதாரம் வேண்டும். ஓட்டுக் கேட்கும்போது கையும் களவுமாகப் பிடித்து, வாட்ஸ்அப்பில் விட்டு, ஊர் சிரிக்க வைக்க வேண்டும். ஜெகதீசன் போனில் வீடியோவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார்.

“ஒண்ணு குடு.”

அன்றைக்கு வந்த முதல் ஆள். சிங் விளிம்பு வரை ஊற்றினார். இரண்டு கையாலும் டம்ளரை ஏந்திக் குனிந்து கொடுத்தார். ஜெகதீசன் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

“அப்புறம்?”

“இன்னொண்ணு, அண்ணே?”

குடித்தார்.

“எங்கிட்ட இன்னாவாச்சும் கேக்கணுமா?”

“சக்கரை போதுமா?”

மறுபடி குடித்தார். கேட்கிற மாதிரி இல்லை. சரி, கொக்கி போட்டு இழுப்போம் என்று, “இன்னிக்கு இன்னாதான் விசேசம்? அதையாவது சொல்லித் தொலை” என்றார்.

சிங் அடுத்த டம்ளரை நிரப்பிக்கொண்டே சொன்னார். “எங்க அஞ்சாவது குரு, அர்ஜன் தேவ். லாகூர்ல, இதே மாதிரி வெயில்ல, காய்ச்சின இரும்புத் தகட்டு மேல உக்கார வெச்சாங்க. தல மேல சுடுமணல் ஊத்தினாங்க. அவரு யாரையும் திட்டல. அப்படியே உசுரு போச்சு. அதனால இன்னிக்கு நாங்க ஜில்லுனு குடுக்கறோம்.”

டம்ளர் ஜெகதீசனின் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. டியூபுக்கு ஒட்டுப்போட அவர் கடையிலும் ஒரு தகடு காயும். முழங்கையில் விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. அந்த விரலகலத்துக்கே அன்றைக்குக் கடை அதிரக் கத்தியிருந்தார்.

“சுட்டவன் வந்து நின்னா அவனுக்கும் குடுப்பியா?”

“வெயில்ல வந்தா குடுப்பேன்.”

“உனக்குக் கோவமே வராதாயா?”

“வருமே. நீங்க கம்ப்ரஸர் போட்டா வரும். பெரிய பேஜாருண்ணே நீங்க.”

ஜெகதீசனுக்குப் புரையேறியது. இருமி முடித்துத் திரும்பினால், பஸ் நிறுத்தமே அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. குடிக்காதே என்று காலையிலிருந்து கத்திய ஆளே டம்ளர் டம்ளராக ஏற்றுவதைப் பார்த்து, ஜனம் வேறொரு முடிவுக்கு வந்திருந்தது.

“எல்லாத்தையும் தானே குடிக்கலாம்னு பாத்தான்யா!” என்றார் ஒருவர்.

“இல்ல, இது இவரோட பந்தலு. போன மாசம்கூட இங்கதான் மோர் ஊத்தினாரு” என்றாள் மல்லாட்டை மூட்டைக்காரி அக்னஸ். “ஜெகதீசண்ணே, மோர்லருந்து ரோஸ் மில்க்குக்கு மாறிட்டீங்களா? நல்லாயிருங்க. இந்த வாட்டி எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்.”

கேட்காத ஓட்டு, தானாக வந்து மடியில் விழுந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஜெகதீசன் சிங்கைப் பார்த்தார். சிங்குக்கு அக்னஸ் பேசியது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் அவர் அடுத்த டம்ளரை மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி, அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க ஜெகதீசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் ஒரு வார்த்தை சண்டை போட்டால்தான் என்ன?

“என்னுது இல்லம்மா!” என்று கத்தினார். “அந்தாளுது. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடயாது.”

“அப்ப அவருதான் எலெக்சன்ல நிக்கறாரா?”

“அவனா? நாலு டம்ளர் ஊத்திட்டு ஒரு ஓட்டு கேக்கத் தெரியல. இவன் எங்கேருந்து நிக்கறது? நீ குடிச்சிட்டு நவுரு. ஏய் காலேஜு, வரிசையில வாடா! டிரம்முல கைய வுட்ட, கைய ஒடிச்சிருவேன்!”