கருத்துக்கு ஒரு படங்கு

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் என் மானம் போனது.

விஷயம் இதுதான். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை மூடப்போவதாக, கொழுந்து மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை குரூப்பில் போட்டார். பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கைக்குழந்தை. புருஷனுக்குக் கொழும்பில் வேலை. பிள்ளையை எங்கே விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவாள்? வேலையை விட வேண்டியதுதான்.

குரூப்பில் ஒரே தயக்கம். 'கஷ்டம்தான்... இது என் தனிப்பட்ட கருத்து.' 'யோசிச்சா நல்லது... தனிப்பட்ட கருத்துங்க, யாரையும் குத்தம் சொல்லல.'

எதற்கு இந்த வால்? எங்கள் பக்கம் ஆபீசுக்குச் சொல்ல வேண்டியதைத் தொழிற்சங்கத் தலைவர்தான் போய்ச் சொல்வார். தனியாகப் பேசிப் பழக்கமில்லை. இங்கேயோ கணக்கப்பிள்ளையே குரூப்பில் இருக்கிறார். நாளைக்கு மலையில் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

எனக்கும் பயம்தான். எழுத்தும் ஐந்தாம் வகுப்பு எழுத்து. அதனால் வாலை முதலில் எழுதினேன் – 'இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமே.' அடுத்ததை யோசிப்பதற்குள் விரல் பட்டு... போய்விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி சிரித்தாள். "பெரியம்மா, படங்கு மட்டும் வந்திருக்கு. ஆளக் காணோமே?"

மழைக்கு நாங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கைச் சொல்கிறாள். அதற்குள் குரூப்பில் கணக்கப்பிள்ளை: 'சொல்லுங்கம்மா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.'

இனி எங்கே ஒளிவது? எழுதினேன். 'மூடாதீங்க ஐயா. ஆள் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்.'

பிறகு, என்னைப் போலவே வேலையிலிருந்து நின்றுவிட்ட என் வயதுக்காரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். 'நானும் வர்றேன்.' 'இவளத் தனியா விட்டா புள்ளைங்களுக்கு முன்னாடி இவ தூங்கிருவா. நானும் வர்றேன்.'

கடைசியில் கணக்கப்பிள்ளை எழுதினார். 'துரைகிட்டக் கேக்கிறேன். மூடக்கூடாதுங்கறதுதான் என்னோட தனிப்பட்ட கருத்தும்.'

பாருங்கள், அவரும் படங்கு கட்டிக்கொண்டுதான் வந்தார்.

யாராவது இப்படி எழுதினால் முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. வீட்டிலேயே இருக்கிறவருக்குப் படங்கு எதற்கு? மழையிலும் மலைக்குப் போகிறவருக்குத்தானே அது வேண்டும்?

தோட்டத்தை நடத்தும் துரை சம்மதித்தார். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பரா திறந்தது, செல்வி வேலைக்குப் போனாள். அவள் மகன் என் மடியில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்தான். மிச்சத்தை என் சேலையிலேயே துப்பினான்.

அவன் கருத்துக்குப் படங்கு தேவைப்படவில்லை.