பரீட்சைக்குப் பயந்தவள் வைத்த பரீட்சை

இரும்பு ஆலை வாசலில், உள்ளே வேலைக்குப் போகிறவர்களிடம் ‘முழுசாகத் திரும்பி வாருங்கள்’ என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்துவது என் தொழில். அந்த ஒரு மணி நேரமும் தூங்குவது அவர்கள் தொழில். பாடம் முடிந்ததும் சரியான விடைக்கு டிக் போடுகிற மாதிரி பத்துக் கேள்விக்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. ஏழு சரியாக இருந்தால் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுவேன். அரியர்மேல் அரியராக வைத்து, எப்படியோ தப்பித்து டிகிரி வாங்கிய என் சகோதர சகோதரிகளே, பரீட்சை என்றாலே ஓடி ஒளிகிற ஒருத்தியிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்றால், அந்தக் குசும்பை என்னவென்று சொல்வது!

அறுபதுக்குக் கீழே

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா இடத்திலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பர்சன்டேஜைக் கேட்டார்கள். ஐம்பத்து மூன்று என்றதும் ஃபைலைத் திருப்பிக் கொடுக்கிற வேகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாவம், நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் அவர்கள் படுகிற அவஸ்தை வேறு.

இந்த ஆலையில் என்னை இன்டர்வியூ செய்தவர் பாதுகாப்பு மேனேஜர் ராகவன் சார். என் மார்க் ஷீட்டுகளை ஒவ்வொரு செமஸ்டராக, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஆறு மாதம் தற்காலிக வேலை. அதற்குப் பிறகு, அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள் கம்பெனி வைக்கிற எழுத்துத் தேர்வில் தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு. இங்கேயும் பரீட்சையா என்று எழுந்து ஓடத் தோன்றியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னை எதுக்கு சார் எடுக்கறீங்க?” என்று கேட்டேவிட்டேன். அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: “ஃபர்ஸ்ட் கிளாஸ்காரன் எல்லாம் ரெண்டே மாசத்துல வேற கம்பெனிக்கு ஓடிடறாம்மா. உன்னை வேற எவனும் கூப்பிட மாட்டான் இல்ல? நீ நிப்பே.”

தீப்பிடித்தால்

முதல் வகுப்புக்கு விடிய விடியத் தயார் செய்துகொண்டு போனேன். திரையில் படம் காட்டி, பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுத் தாளித்தேன். பத்தாவது நிமிடம் பின்வரிசையில் குறட்டை கேட்டது. நான் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கியதற்கெல்லாம் இப்போது வட்டி கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடக்கூடாது என்று முன்வரிசையில் இருந்த லோடுமேன் ஒருவரை எழுப்பி, “தீப்பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “ஓடிப்பூடுவேன் மேடம்” என்றார். சபை சிரித்தது. வாசலோரம் உள்ள வேப்ப மரத்தடியில்தான் எல்லோரும் வந்து நிற்க வேண்டும் என்று அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். “சரி, எங்க ஓடுவீங்க?” என்று விறைப்பாகக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எங்க ஊட்டுக்குத்தான் மேடம். பின்ன உங்க ஊட்டுக்கா வருவேன்?”

வரப்பில் சொன்ன சேதிகள்

நைனாவுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விவசாயம். நான் ஃபெயிலான சேதிகளை எல்லாம் அவரிடம் வரப்பில் நின்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொன்னால் அம்மா அழுவாள். நைனா மடை திருப்பிக்கொண்டே, “சர்தான், அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்பார். ஒரு தடவையாவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவே இல்லை.

நான் பரீட்சை வைக்கிறேன் என்று சொன்னபோது முதலில் நம்பவில்லை. அப்புறம் நாள் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை என்னை மொபெட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டவர், பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலோரம் வந்து மெதுவாகச் சொன்னார்: “யாரையும் ஃபெயில் பண்ணிடாதம்மா. ஊட்டுக்குப் போயி சொல்றது எவ்ளோ பேஜாருன்னு உனக்குத் தெரியும் இல்ல?”

அடிஷனல் ஷீட்

ஐந்தாவது மாதம் ஏழுமலை வந்தார். கவரைப்பேட்டைக்காரர், கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை செய்கிற ஃபிட்டர். எல்லோரும் பரீட்சைத் தாளைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்க்க, இவர் மட்டும் ஆசையாக வாங்கினார். பத்து டிக்கையும் போட்டு முடித்துவிட்டுக் கையைத் தூக்கி, “மேடம், அடிஷனல் ஷீட் உண்டா?” என்றார். வகுப்பே சிரித்தது. பத்துக்குப் பத்து.

இரண்டாம் நாள் வேறு பெயரில் ஒருவர் பத்துக்குப் பத்து வாங்கினார். தூசிக்காக எல்லோரும் மூக்குவரை துணி கட்டியிருப்பார்கள். நானும் பெயரை மட்டும் கூப்பிட்டு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். மூன்றாம் நாள், இன்னொரு பெயர். பரீட்சை முடிகிற நேரத்தில் துணிக்குள்ளிருந்து ஒரு குரல்: “மேடம், அடிஷனல் ஷீட்...” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, கையைப் படக்கென்று இறக்கிக்கொண்டார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டுத் துணியை அவிழ்க்கச் சொன்னேன். ஏழுமலைதான். கூட வேலை செய்கிற இரண்டு பேருக்குப் பரீட்சை என்றால் பயமாம், அவர்களுக்காக இவர் வந்து எழுதியிருக்கிறார். ஒருவர் ஏற்கெனவே உள்ளே கூரை வேலையில் இருக்கிறார், மற்றவர் இன்று ஏற வேண்டியவர். எனக்குக் கோபமான கோபம். “இதெல்லாம் விளையாட்டா?” என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பத்தாவதுல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு மேடம். அதுக்கு மேல படிக்க வெக்கல. பரீச்ச எழுதி ரொம்ப வருசமாச்சா, ஆசையா இருந்துச்சி.”

வேப்ப மரத்தடி

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ராகவன் சாரிடம் சொன்னால் அவர் வேலை போகும். ஒரே ஆளை மூன்று பெயரில் தேற்றிவிட்ட என் வேலையும் போகலாம். நிரந்தரத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நைனா ஜன்னலோரம் நின்று சொன்னது வேறு காதில் கேட்டது. ஆனால் கீழே விழாமல் காக்கிற பெல்ட்டை எதில் மாட்டுவது என்று என் வகுப்பில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத ஒரு மனிதர் அந்த நிமிடம் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். பச்சை ஸ்டிக்கர் ஹெல்மெட்டில்தான் இருந்தது, தலைக்குள் ஒன்றும் இல்லை. ராகவன் சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கூரையிலிருந்தவரை உடனே இறக்கி, இரண்டு பேரையும் என் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஏழுமலைக்கு ஒரு மாதம் ஆலைக்குள் அனுமதி இல்லை. ‘நீ போய்த் தேர்வுக்குப் படி’ என்று என்னை அனுப்பிவிட்டார் ராகவன் சார். ஏழுமலை ஹெல்மெட்டை ஒப்படைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்பு கேட்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. அவர்தான் பேசினார்: “அந்த மூணாவது பேப்பர்ல எவ்ளோ மேடம் போட்டீங்க?”

என் முறை

அந்த ஒரு மாதமும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எட்டிப் பார்த்தேன். படிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தேர்வு நாள் காலையில் நாஷ்டாகூட இறங்கவில்லை. வாசலில் அன்றைய வரிசையில் முதல் ஆளாக ஏழுமலை நின்றிருந்தார். தடை முடிந்து, வகுப்பைப் புதிதாகக் கேட்க வந்திருக்கிறார்.

முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். “இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரியா கீது?” என்றார். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு வகுப்பு எடுக்கப்போவது வேறொருவர், எனக்குத் தேர்வு, தேறாவிட்டால் நாளை முதல் நான் இங்கே இருக்க மாட்டேன், பரீட்சை என்றால் எனக்கும் பயம்தான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் லுங்கியில் ஒரு தடவை துடைத்து நீட்டினார். “இத்த வெச்சி எழுதுங்க மேடம். மூணு வாட்டி சென்டம் வாங்குன பேனா.”

தேறிவிட்டேன், நண்பர்களே: பேனா டிஸ்டிங்ஷன்தான், எழுதிய கைதான் ஜஸ்ட் பாஸ்.