மாட்டுக் கணக்கில் பார்த்த நாய்

ஆனைமலைப் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரை வளர்த்த நாய், பஸ் ஏறிக் கீழே வந்து எங்கள் அண்ணன் தோட்டத்தில் மூன்று நாள் தங்கியது. மூன்று நாளும் அதற்கு ஆட்டுக்கறி. பண்ணையாளுக்கு வழக்கம்போலக் கம்மஞ்சோறு.

"மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குக் கம்மஞ்சோறுங்களா பண்ணாடி?" என்று அவன் கேட்டான்.

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பத்திரிகைக்கு நிருபர். மஞ்சள்காமாலை கண்டு, உப்பில்லாத சோறும் கீழாநெல்லியுமாக, வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் அண்ணன் தோட்டத்தில் கிடந்தேன். எழுத வேலை இல்லை. படிக்கவும் ஒன்றும் இல்லை. மாடுகள் கட்டும் கட்டுத்தரைக்கு எதிரே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாப்பிள்ளைக்குப் பார்த்த பெட்டை நாய் அண்ணியுடையது. அண்ணியின் தம்பி குட்டியாகக் கொண்டுவந்து விட்டுப் போனது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. மாதத்தில் வீட்டுக்குள் வரக்கூடாத நாட்களில் அண்ணி கட்டுத்தரைக்குப் பின்னாலிருந்த ஓலைக் குடிசையில், சாளையில், இருப்பார். நாயும் எழுந்து போய் அந்தச் சாளை வாசலில் படுத்துக்கொள்ளும். அவருக்குப் போகும் சோற்றில் பாதி அதற்கு. கொஞ்ச காலமாக அண்ணிக்கு அந்த நாட்கள் முறை தப்பி வந்தன. சாளையில் ஆள் இருப்பதும் இல்லாததும் தோட்டத்துக்கே தெரியும். ஆகவே இதுவும் தெரியும்.

நாய்க்கும் வயதாகியிருந்தது. செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் வெளுத்துவிட்டது. எழுந்திருக்கும்போது பின்னங்கால் ஒரு கணம் தயங்கும். முன்பெல்லாம் புரட்டாசி மழையில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை என்று தவறாமல் பருவத்துக்கு வரும் என்றார்கள். பிறகு ஒரு மழைக்காலம் வராமலே போயிற்று. அடுத்து வந்தது, இரண்டு நாள் இலேசாகக் காட்டிவிட்டு நின்றது. அதற்கு முந்தைய ஈற்றில் குட்டிகள் வயிற்றிலேயே செத்துப்போய், தாய் பிழைத்ததே பெரிது என்றாயிற்று. இனி அதைச் சேர்க்க விடமாட்டேன் என்று அண்ணி அன்றே சொல்லியிருந்தார்.

இந்த நிலையில் கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் பருத்தி பார்க்க வந்தார். நாய் குரைக்கவில்லை. அவருடைய காரின் கதவுக்கு நேராக வந்து நின்றுகொண்டது. கதவு திறந்தால் ஓர் அடி முன்னால் வந்தது. மூடினால் பின்னால் போயிற்று. அண்ணி வந்து கூப்பிடும்வரை மில்காரர் காருக்குள்ளேயே இருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆசை வந்துவிட்டது.

"இதுல எனக்கொரு குட்டி வேணுங்க. சீமை நாயோட சேர்த்தா இன்னும் ஜோராயிருக்கும். மலையில ஒரு துரைகிட்ட நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அண்ணன் உடனே தலையாட்டினார். தரகர் இல்லாமல் தன் பருத்தி நேராக மில்லுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது அண்ணி பேச்செடுத்தார்.

"ஏனுங்க, அது கெழமாயிப்போச்சுங்க. போன தடவையே செத்துப் பொழைச்சுது. உட்ருங்க."

"எத்தனை பசு பார்த்திருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நாயி மாடில்லீங்களே."

"எல்லாம் ஒண்ணுதான் அம்மணி. வயசான பெட்டை. இந்தப் பருவத்தை உட்டுப்போட்டா அப்பறம் எதுக்கும் ஆகாது."

அண்ணி கையிலிருந்த மோர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் மோர் கேட்டார். ஒருவரும் வரவில்லை. நான் எடுத்து ஊற்றினேன்.

மாட்டில் அண்ணன் கெட்டிக்காரர்தான். காங்கேயம் மாட்டுக் கன்றைப் பார்த்ததும் அதன் தாயைச் சொல்லிவிடுவார். பசு பருவத்துக்கு வந்தால் ஒரு நாள்தான் கணக்கு. காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் காளையிடம் ஓட்டிப்போக வேண்டும், தவறினால் போயிற்று. சுற்று வட்டாரம் முழுவதும் பசுவுக்கு நாள் பார்க்க அவரைத்தான் கேட்டார்கள். அந்தக் கணக்கையே அவர் நாய்க்கும் வைத்தார். கட்டுத்தரைக் கல்லில் முதல் சிவப்புச் சொட்டைப் பார்த்ததும் மலைக்குத் தந்தி போயிற்று.

துரையின் நாய் பெரியது, பழகியது, யாருக்கும் வாலாட்டுவது. கூடவே நாய்க்காரன் ஒருவன். மலைப்பாதை வளைவுகளில் நாயும் வாந்தி எடுத்தது, தானும் எடுத்ததாகச் சொன்னான். மூன்று நாளில் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது துரை உத்தரவு.

செவலை அதைக் கிட்டே சேர்க்கவில்லை. உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்தால் திரும்பிப் பல்லைக் காட்டியது. இரண்டாம் நாள் ஆண்நாயின் காதைக் கிழித்துவிட்டது. துரைக்கு என்ன பதில் சொல்வது என்று நாய்க்காரன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"மாடுந்தான் மொதல்ல உதைக்கும்" என்றார் அண்ணன்.

காளைக்குச் சேர்க்கும்போது பசுவை நிறுத்திக் கட்டும் இரண்டு கம்பங்கள் கட்டுத்தரையில் இருந்தன. மூன்றாம் நாள் செவலையின் வாயைக் கயிற்றால் கட்டி, அந்தக் கம்பங்களுக்கு இடையில் நிறுத்தினார்கள். பண்ணையாள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அன்று அவன் மாப்பிள்ளைப் பேச்சு எதுவும் பேசவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"அது வேண்டாங்குதுங்க. கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு?"

"நீ உள்ள போ."

அண்ணி உள்ளே போகவில்லை. முடியும்வரை நின்றார். சரியாக ஏதும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நடந்தது என்று அண்ணன் சொன்னார். நாய்க்காரனும் ஊர் போகும் அவசரத்தில் ஆமாம் என்றான். மத்தியான பஸ்ஸுக்கு இருவரும், அதாவது அவனும் நாயும், கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் இரத்தம் வெளுத்து, தண்ணீர் போலாயிற்று. பருவம் முடிந்தது என்று அண்ணன் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அப்போதுதான் செவலை வேலி ஓரம் போய் நிற்கத் தொடங்கியது. வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கும். முனகும். பண்ணையாள் அதைக் கண்டு, "இப்பத்தானே மாப்பிள்ளை வந்திருக்கோணும்" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். வேலிப்பக்கம் வந்த ஊர்நாய்களைக் கல்லால் அடித்து விரட்டினார்கள்.

வயிறு பெருத்தது. அண்ணன் ராகிக்களியில் நெய் விட்டு வைக்கச் சொன்னார். மில்காரருக்கு ஆள் மூலம் சேதி போயிற்று. செவலை களியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீரை மட்டும் குடித்தது. மாட்டுத் தொட்டியில் வாயை வைத்தால் எடுக்காது. மடி இறங்கவில்லை. அண்ணி அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள ஒண்ணும் அசையலீங்க" என்றார்.

"முத வாரத்துலயே ஆடுமா?" என்றார் அண்ணன். அது முதல் வாரம் இல்லை.

பிறகு கட்டுத்தரையில் ஒரு நாற்றம் வந்தது. மாடுகள் அந்தப் பக்கம் படுக்க மறுத்தன. செவலை தானாக எழுந்து சாளை வாசலுக்குப் போய்ப் படுத்தது. அண்ணி தூரமான நாள் இல்லை அது. இருந்தும் பாயைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை வெயில் ஏறும்போது நாய் செத்தது.

குட்டிகளாவது பிழைக்குமா பார்க்கலாம் என்று அண்ணன் பண்ணையாளைக் கத்தி எடுத்துவரச் சொன்னார். வயிற்றைக் கிழித்தபோது குட்டி எதுவும் இல்லை. கர்ப்பப்பை முழுவதும் சீழ். பண்ணையாள் கத்தியை மண்ணில் குத்திவிட்டு எழுந்து விலகினான்.

அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "உங்க ஊட்டுலிருந்து வந்தது ஒண்ணாச்சும் வெளங்கியிருக்குதா?" என்றார்.

"வேண்டாம்னு அதுவுஞ் சொல்லுச்சு, நானுஞ் சொன்னேன். ஆரு கேட்டீங்க?"

அண்ணி அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரே சாளைக்குப் பின்னால் குழி வெட்டினார். பண்ணையாள் அதை வாங்கப்போனபோது கொடுக்கவில்லை.

உடம்பு தேறி நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, மாட்டுச் சந்தைச் செய்திக்காகப் போன இடத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் இதைக் கேட்டேன். நாய்க்கு முதல் இரத்தம் பருவத்தின் தொடக்கம்தான் என்றார். அது வெளுத்து, பெட்டையே வாலை ஒதுக்கி நிற்கும் நாட்கள்தான் சேர்க்கை நாட்கள். அதற்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வயதான பெட்டைகளிடம் அந்த அடையாளமும் குழம்பிவிடும், வந்தாற்போல வந்து நின்று மறுபடி வரும், வராமலும் போகும். பருவம் போன சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது அந்த வயதில் உண்டு. நிறையத் தண்ணீர் குடிப்பது அதற்கு அடையாளம். முன் ஈற்றில் அப்படி ஆன பெட்டையை மறுபடி சேர்க்க நினைத்திருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

பொங்கலுக்குப் போனபோது அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"அந்த டாக்டரு எத்தனை மாடு பார்த்திருப்பான்?" என்று கேட்டார்.

அந்த வருடமும் பருத்தி தரகர் மூலமாகத்தான் போயிற்று. மில்காரர் குட்டியை மறந்தே போயிருந்தார். துரையிடமிருந்து அவருக்கு வேறு வழியில் இரண்டு குட்டிகள் கிடைத்திருந்தன. தான் முன்பு கேட்டதற்கு மரியாதையாக ஒன்றை அண்ணனுக்கே கொடுத்தனுப்பினார்.

அண்ணி அதற்கு ஒரு நாளும் சோறு வைக்கவில்லை. அடிக்கவும் இல்லை. அது கண்ணில் படாததுபோல நடந்துகொண்டார். அண்ணனே கூழ் கரைத்து ஊற்றி வளர்த்தார். பெரிதானதும் அது அவர் ஒருவரைத்தான் தெரிந்துவைத்திருந்தது. தூரமான நாட்கள் முடிந்து, குளித்து, ஈரத்தலையோடு அண்ணி சாளையிலிருந்து வீட்டை நோக்கி வரும்போதெல்லாம் அது வாசலில் நின்று அவரைப் பார்த்துக் குரைக்கும். அண்ணன் வந்து பிடிக்கும்வரை அண்ணி வெயிலில் நிற்பார்.

நல்ல காவல் நாய் என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.