அக்கா ஊத மறுத்த சுடர்

எங்கள் தமையனார் இறந்த இரவில் அவர் தலைமாட்டு விளக்குத் தானே அணைந்தது என்று உறவினர் இன்றும் கூறி வருகின்றனர். அது தானே அணையவில்லை. உண்மையை அறிந்தவர்களுள் குடும்பத்தில் நான் ஒருவனே எஞ்சியிருப்பதால் இதனை எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் என்னுடன் வாழ்ந்த என் தமக்கையாருக்குப் பித்தப்பையில் கற்கள் கண்டன. வலி எழும்போது சுவரைப் பற்றிக்கொண்டு பேச்சற்று நிற்பார். அறுவையொன்றே வழி. ஆனால் அவருக்கு நெடுநாளாக மூச்சிளைப்பு நோயும் உண்டு. மயக்க மருந்தை நுரையீரல் தாங்குமா என்று அறியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் மருத்துவர். ஆகவே மூச்சுச் சோதனைக்காக அடையாற்றில் ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

சோதிக்கும் பெண்மணி அக்காவின் மூக்கைச் சிறு பிடியால் அடைத்து, வாயில் அட்டைக் குழல் ஒன்றைக் கவ்வச் செய்தார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரே வீச்சில் வெளியேற்றி, எஞ்சியது தீரும்வரை ஊதிக்கொண்டேயிருக்க வேண்டும். மொத்தக் காற்றில் முதல் நொடியிலேயே எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கொண்டு மூச்சுவழி குறுகியிருப்பதை அறிவார்களாம். மூன்று முறையேனும் ஊதி, அவை ஒன்றையொன்று ஒத்திருந்தால்தான் அளவு செல்லும்.

"கேக்குமேல மெழுகுவத்தி வெச்சு ஊதி அணைப்பாங்க இல்ல? அது மாரி ஊதும்மா. ஊது, ஊது, வுடாத!"

திரையில் கோடு சற்றே எழுந்து படுத்துவிட்டது. இரண்டாம் முறையும் அவ்வாறே.

"இன்னாம்மா இது, எறும்புகூட நவராது போலக்கீது!" என்று அவர் சிரித்தார். "நல்லா பேசிக்கினுதான வந்தீங்க? அந்தக் காத்தெல்லாம் எங்க போச்சு? இப்டியே குடுத்தா டாக்டரு ஆபரேசன் வேணான்னுடுவாரு."

அக்கா மூக்குப் பிடியைக் கழற்றினார். "நெருப்ப வாயால ஊதி அணைக்க என்னால முடியாதுடிம்மா."

"வாயால ஊதப்படாதுங்கறது நம்மாத்துப் பழக்கம், அக்கா. இங்க விளக்கே இல்லையே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு தடவ ஊதியிருக்கேன்டா. அண்ணா ஜுரமாப் படுத்துண்டிருந்தான். கண்ணு கூசறது, அணைச்சுடுன்னான். எழுந்துக்க சோம்பல்பட்டுண்டு, இருந்த எடத்துலேர்ந்தே ஊதிட்டேன். கார்த்தால அவன் இல்ல. விளக்கு தானா அணைஞ்சுதுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொன்னா. நானும் பேசாம இருந்துட்டேன்."

நான் அப்போது தொட்டிற்குழந்தை. தமையனாரின் முகத்தை நான் அறியேன்.

சோதிக்கும் பெண்மணியின் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்துச் சிலுவையைப் பற்றியவாறு அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அணைக்க வேண்டாம் அக்கா. குமுட்டி அடுப்புல கரி கனியணும்னு ஊதுவியே, அந்த மாதிரி ஊது."

அக்கா அக்குழலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குப் பிடியைத் தாமே பொருத்திக்கொண்டு ஊதினார். "அப்டித்தான்! இன்னும், இன்னும், வுடாதம்மா!" கோடு முகடாக எழுந்து மெல்லச் சரிந்தது. காற்றுத் தீர்ந்த பின்னும் அவர் குழலை விடவில்லை. முகம் கறுத்து, விழிகள் அவ்வறையில் இல்லாத எதன்மீதோ நிலைத்திருந்தன. அவ்வாறே மீண்டும் இருமுறை. பின்னர் மூச்சுவழியை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, சிறிது காத்திருந்து, மறுபடியும் ஊதச் செய்தார்கள். இம்முறை கோடு இன்னும் உயர்ந்தது. மருத்துவர் அறுவைக்கு இசைந்தார்.

திரும்பும் வழியில், ஆட்டோவின் இரைச்சலுக்கிடையே அக்கா கூறினார்: "கரி கனிஞ்சுதுடா. அந்த வெளிச்சத்துல அண்ணா மொகம் தெரிஞ்சுது."

எப்படி இருந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நான் போனப்பறம் எல்லார்கிட்டயும் சொல்லிடு. அது தானா அணையலைன்னு."

அறுவை நலமாகவே முடிந்தது. வலியின்றிச் சில ஆண்டுகள் வாழ்ந்து அவரும் மறைந்தார். இப்போதெல்லாம் மின்சாரம் நின்றால், ஏற்றிய மெழுகுவத்தி உருகித் தீரும்வரை நான் அதனருகிலேயே அமர்ந்திருக்கிறேன். சாளரங்கள் அடைத்திருந்தும், சில வேளைகளில் சுடர் ஒருபுறமாகச் சாய்கிறது.

நான் மருத்துவம் கற்றவனல்லன். சோதனையை விவரித்ததில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க. நோயுற்ற ஓர் இளைஞரின் உயிருக்கும் ஒரு சிறுமியின் மூச்சுக்கும் தொடர்பில்லை என்று நான் கொண்டிருக்கிறேன். அதில் பிழைபட்டிருப்பின், அதனையும் மறைக்காது எனக்கு எழுதுக.