ஹெர்பர்ட் சோதித்த மூக்குக்கண்ணாடி

என் கணவர் ஹெர்பர்ட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் பரிசோதகராக இருந்தார். அதாவது, மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்க அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை மராத்தி பேசும் கட்கியில் எங்கள் வீட்டில் இலவசமாகச் செய்து வருகிறார். குக்கர் மூடி, தண்ணீர்க் குழாய், பால்காரர் அளக்கும் அளவு, என் தம்பியின் குணம் எல்லாமே அவர் கணக்கில் ஃபெயில். நான் மட்டும் பாஸா என்று கேட்டால், "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார்.

ஆனால் அவருடைய பரம விரோதி மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்தான். இப்போது வரும் ஃப்ரேம்களைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். தொண்ணூற்றேழில் கட்கி பஜாரில் வாங்கிய பழுப்பு ஃப்ரேம் அது. "இருபத்தெட்டு வருஷம்! ஒரே ஃப்ரேம்!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். ஒரே ஃப்ரேம்தான். கைக்கடிகாரத்திலிருந்து எடுத்த ஸ்க்ரூ, மின்விசிறியிலிருந்து எடுத்த செம்புக்கம்பி, மூக்கு உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு, மூன்று தலைமுறை அரால்டைட் பசை ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரே ஃப்ரேம்தான்.

அவர் முகம், அவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம். என் முகத்திலும் அல்லவா கை வைத்தார்! மூன்று வருஷத்துக்கு முன் என் கறுப்பு ஃப்ரேமின் வலது கால், அதாவது காதில் மாட்டும் பகுதி, முறிந்தது. புதிது வாங்கலாம் என்றேன். கடைக்கும் கூட்டிப்போனார். போன இடத்தில் நல்ல ஃப்ரேம் ஒன்றை எடுத்து, அது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இரண்டு கையாலும் வளைக்க ஆரம்பித்தார். கடைக்காரர் உடைக்க வேண்டாமென்று மராத்தியில் "காகா, தோடூ நகா!" என அலறிக்கொண்டு ஓடிவந்து பிடுங்கினார். உடைத்துப் பார்க்கவிடாத கடையில் பொருள் வாங்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்து, தொண்ணூற்றேழுக்கும் முந்தின தன் பழைய ஃப்ரேம் ஒன்றின் பழுப்புக் காலை என் கண்ணாடியில் பொருத்திவிட்டார். அன்று முதல் என் இடது காதில் கறுப்பு, வலது காதில் பழுப்பு. அழகை விடுங்கள், கால் நீளம் ஒன்றாக இல்லை. கண்ணாடி சாய்ந்தே உட்காரும். ஒரு கண்ணுக்கு வரி மேலே, இன்னொரு கண்ணுக்குக் கீழே. படித்தால் அரைமணியில் தலைவலி வந்துவிடும்.

நீயே போய் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். வாங்கினேன். ஸ்க்ரூ லூஸாக இருக்கிறது என்று முதல் நாளே முறுக்கினார். கண்ணாடிச் சில்லில் கீறல் விட்டது. "பாத்தியா? இதான் இப்பத்தி மால்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இதில் எனக்கு உண்மையாகவே வலித்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தமிழ்ச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு வரும். அன்று வேத வாசிப்பும் பெண்களுக்குத்தான். இந்த ஊரில் எங்கள் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டுவதற்குள் ஆராதனை முடிந்துவிடும் என்பதால், பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாகத் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லித் தப்பித்தேன். அத்தனை பேர் முன்னால் வரி மாறிப் படித்து நிற்க எனக்கு மனசில்லை. என் இடத்தில் வேறு யாரோ தட்டுத்தடுமாறி வாசிக்கும்போது, கீழே உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஸ்டெல்லா வீட்டுக்கே வந்துவிட்டாள். "அக்கா, இந்த வாட்டியும் தொண்டைன்னு சொன்னீங்கன்னா, நான் டாக்டரோடதான் வருவேன்" என்றாள். சரி என்றேன்.

ஊரின் மறுபக்கம் பாணேரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் ஜெரோஷுக்கு ஃபோன் செய்தேன். அவன் எங்கள் இரண்டு பேருடைய பவர் சீட்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே மாடல். சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிடும் என்றான். நான் செய்த தப்பு, இதை ஹெர்பர்ட்டிடம் சொல்லாமல் விட்டது. சொன்னால் வேண்டாம் என்பாரே என்று பயந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லாவோடு மறுநாள் பெண்கள் ஞாயிறுக்காகச் சபைக் கோயிலில் பூ ஜோடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். மேஜைமேல் இரண்டு பெட்டிகள். பக்கத்தில் தொழிற்சாலை காலத்துப் பதிவேடு. ஹெர்பர்ட் வலது தோளைத் தேய்த்துக்கொண்டு, முகம் நிறையத் திருப்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒம் மகன் ரெண்டு ஃப்ரேம் அனுப்பியிருக்கான். எதுக்கு ரெண்டு? ஒண்ணு டெஸ்டுக்கு. பரவால்ல, அப்பன் தொழிலைக் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கான்."

அவர்கள் தொழிற்சாலையில் அப்படித்தான். ஒரு லாட்டில் வரும் சரக்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். அதை வெடித்தோ உடைத்தோ பார்ப்பார்கள். அது தாங்கினால் மீதியெல்லாம் பாஸ். பீரங்கிக் குண்டுக்கு மிக நல்ல முறை. வீட்டுக்கு வந்த இரண்டு மூக்குக்கண்ணாடிக்கு இதைச் செய்ய உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் தோன்றும். அவருக்கு நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

"என்ன செஞ்சி வச்சிருக்கிய?" என்றேன்.

பதிவேட்டைக் கையில் எடுத்து, பார்க்காமலே ஒப்பித்தார். இரண்டாயிரம் தடவை காலைத் திறந்து மூடியதில் பழுதில்லை. பரண்மேலிருந்து மூன்று முறை கீழே போட்டதில் பழுதில்லை. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி முறுக்கியதில், நடுவில் மூக்குமேல் உட்காரும் இடத்தில் இரண்டாக முறிந்தது. "லாட் ரிஜெக்ட். மத்ததையும் திருப்பி அனுப்பிருவோம்."

முறிந்ததன் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். மேலே என் பெயர் பட்டையாக ஒட்டியிருந்தது: கிளாரிசா. அவர் அதைப் படிக்கவில்லை. எப்படிப் படிப்பார்? ஒப்பிட்டுப் பார்க்க உத்தமமான ஃப்ரேம் வேண்டுமென்று தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாரே!

ஜெரோஷுக்கு அவரே ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் பெருமையாக அறிக்கையை ஒப்பித்தார். அவன், "டாடி! அது மம்மியோடது! பாக்ஸ் மேல பேரு லிகா ஹை நா! புதுசு வர எட்டு நாள் ஆகும்!" என்று கத்தினான்.

ஹெர்பர்ட் முகம் சுருங்கிப்போனதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் வெளியே நின்று, "அரால்டைட் போட்டுப் பாக்கட்டா?" என்றார்.

ஞாயிறு காலை என் பழைய கண்ணாடி மேஜையில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது, ஸ்க்ரூடிரைவர்தான் வரும். பழுப்புக் காலின் ஸ்க்ரூவை வழக்கத்தைவிட மூன்று சுற்று அதிகமாக முறுக்கியிருந்தார். என்மேல் அவ்வளவு பாசம்.

கோயிலில் என் முறை வந்தது. பன்னிரண்டு வசனம். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் வேதப்புத்தகம். மூன்றாவது வசனத்தில், முறுக்குத் தாங்காத அந்த ஸ்க்ரூ தெறித்தது. பழுப்புக் கால் கழன்று மைக்கில் பட்டு டங்கென்று தரையில் விழுந்தது. கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது. எழுத்தெல்லாம் கலைந்துபோயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஹெர்பர்ட் எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். குனிந்து காலைப் பொறுக்கினார். ஸ்க்ரூ போகும் ஓட்டையைப் பார்த்தார். அது அகன்றுபோயிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் செய்த வேலைக்கு அவரே ஃபெயில் போட்டார். ஸ்க்ரூடிரைவரைப் பையில் திரும்பப் போட்டுவிட்டு, என் வலப்பக்கம் வந்து நின்று, கண்ணாடியை இரண்டு விரலால் தூக்கி என் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வரி நேராக நின்றது. எனக்குத் தொண்டையை அடைத்தது. இந்தமுறை பொய் இல்லை. ஆனால் கோபமும் போகவில்லை.

வாசித்தேன். நிறுத்தி நிதானமாக, அட்சரம் பிசகாமல் வாசித்தேன். பன்னிரண்டாவது வசனம் முடிந்தது. அவர் மூச்சை விட்டுக் கையை இறக்கப் பார்த்தார். நான் பதின்மூன்றாவதை ஆரம்பித்தேன். கை மறுபடி மேலே வந்தது. அந்த அதிகாரத்தில் மொத்தம் நாற்பத்தொரு வசனம் இருந்தது. போதகர் இருமினார். ஸ்டெல்லா கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இருபதாவது வசனத்தில் அவர் விரல் நடுங்க ஆரம்பித்தது. இரண்டாயிரம் தடவை திறந்து மூடிய கை அல்லவா!

முப்பத்திரண்டாவது வசனத்தில் என் காதோரம் குனிந்து முணுமுணுத்தார். "கிளாரிசா, போதும்மா. தோள் வலிக்கு."

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. போதகரே சிரித்துவிட்டார்.

நான் கட்டைவிரலால் பக்கத்தைத் திருப்பினேன். இன்னும் ஒன்பது வசனம் இருந்தது.