வெளிச்சத்துக்குக் குறுக்கே

அழிந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசலாமா? சிவனேஸ்வரி குடைக்கம்பியால் சுவரைத் தட்டித் தட்டிப் பேசுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய கணவர் யோகலிங்கத்துக்கு இந்தக் கேள்வி வருகிறது. புரொஜெக்டரின் பொத்தானில் பெருவிரலை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு.

"பாருங்கோ, பாருங்கோ! மூஞ்சியைப் பாருங்கோ! கடலுக்கடியில மாடு மாதிரிப் புல்லு மேயுது. அது மேஞ்சு போன இடம் ஊர் ஒழுங்கை மாதிரி ஒடுங்கின பாதையாத் தெரியும். மீனில்லை, மீனில்லை, குட்டிக்குப் பால் குடுக்கிற சீவன்! என்ன வடிவு!"

சுவரில் தெரிவது கலங்கிய தண்ணீரில் ஒரு சாம்பல்நிற முதுகு, அவ்வளவுதான். ஆனால் சிவனேஸ்வரி சொல்லும்போது மண்டபம் முழுதும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. சபை அவருக்கு வைத்திருக்கும் பெயர் கடற்பசு அக்கா. பிள்ளைகளுக்குக் கடற்பசு அன்ரி. இரண்டு பெயரும் அவர் காதுக்கு எட்டியவைதான், கோபமில்லை.

திரையாகத் தொங்குவது யோகலிங்கத்தின் கலியாண வேட்டி. ஊசி குத்திக் குத்தி மேல் விளிம்பு சல்லடையாகிவிட்டது. மன்னார்க் கடலும் வவுனியாக் காடும் அதன் பச்சைக் கரையில் வந்துதான் முடியும். எண்பத்திரண்டாம் ஆண்டு வரை மன்னாரில் மீன்பிடி இலாகாவில் வேலை பார்த்த காலத்தில், கந்தோர்க் கமராவால் தானே எடுத்த ஸ்லைடுகளைச் சேலைகளுக்குள் சுற்றிக்கொண்டு லண்டனில் மிச்சம் என்ற பகுதிக்கு வந்து சேர்ந்தவர் சிவனேஸ்வரி. கிழமை நாட்களில் ஒரு பாடசாலைச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்தும் மேலே ஸ்வெட்டருமாக, விம்பிள்டனோ மனோர் பார்க்கோ, சுவர் கிடைத்த இடத்துக்குப் போய்விடுவார். புரொஜெக்டரைத் தூக்குவது யோகலிங்கம்.

காட்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். "வெளிச்சத்துக்குக் குறுக்கை ஒருதரும் வரப்படாது!" பிந்தி வந்த கோயில் தலைவர் ஒருவரைக் கூட இடுப்பை வளைத்து, கதிரைகளுக்கிடையே தவளை மாதிரிப் போகவைத்தவர் அவர்.

ஊரை விட்டு வந்த அந்தச் சபைக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் மிருகத்தைப் பார்ப்பதில்லை. மிருகத்துக்குப் பின்னால் நிற்பதைப் பார்ப்பார்கள். பூநாரைகள் கூட்டமாக இறங்கிய படம் வந்தால், "அங்காலை சாத்தியிருக்கிறது ஞானரட்ணத்தாற்றை சைக்கிளெல்லோ?" என்று ஒரு குரல் எழும். "அக்கா, அந்தப் பறவையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, கடைப் போர்ட் தெரியேல்லை" என்று இன்னொருவர்.

"ஆக்களைப் பாக்கிறதெண்டால் கலியாண அல்பத்தைப் பாருங்கோ! இது பூநாரை!"

யானையின் முறை வரும். பின்னால் பரண், பரணில் தீப்பந்தத்தோடு ஒரு விவசாயி. "யானைக்கு வழி இல்லை, அந்தாளுக்கு வேறை வயலில்லை. முந்தி யானை நெல்லைத் திண்டுது, மனுசன் யானையைச் சுட்டான். இப்ப ரண்டு பேரும் கண்ணிவெடிக்குப் பயந்து நடக்கினம்." இதைச் சொல்லும்போதும் அவர் குரல் தாழாது. அந்த யானை எப்படித் தும்பிக்கையால் மண் அள்ளிப் பூசியது என்று அடுத்த வசனத்திலேயே நடித்துக் காட்டத் தொடங்கிவிடுவார்.

கடற்பசு வரிசையின் கடைசிப் படம்தான் சிக்கல். கரையில் இழுத்துப் போட்ட கடற்பசு. அதன் மேல் ஒரு காலை வைத்து, கையில் கத்தியோடு நிமிர்ந்து நிற்கும் இளம் மீனவன். கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன்னர் மனோர் பார்க்கில் அந்தப் படத்தைத் தட்டி, "இந்தக் கொலைகாரராலைதான் இந்தச் சீவன் அழியுது" என்று சிவனேஸ்வரி சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பெண், "அது என்ரை தம்பி" என்றாள்.

சபை கொல்லென்று சிரித்தது. சைக்கிளுக்கும் கடைக்கும் சொந்தம் கொண்டாடுகிற வழமையான பகிடி என்று நினைத்துவிட்டார்கள். அவள் எழுந்து நின்ற பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

எமில்டா. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. தம்பி சூசைதாசன் எண்பத்தாறில் கடலுக்குப் போனவன். வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அன்று அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தச் சீவன் அவன்ரை வலையைக் கிழிச்சுப்போட்டுது அக்கா. புது வலைக்கு அவன் எங்கை போறது? அதையும் சொல்லுங்கோவன்."

அதற்குப் பிறகு எந்த மண்டபமானாலும், இரண்டு பஸ் மாறியாவது எமில்டா வந்துவிடுவாள். சிவனேஸ்வரி அந்தப் படத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தும் வரவு நிற்கவில்லை. "வீட்டில இருக்கிறதில அவன் விரலளவு. இஞ்சை வந்தால் ஆளளவு" என்றாள். சிவனேஸ்வரி 'கொலைகாரர்' என்ற சொல்லை விட்டுவிட்டார். வலையைப் பற்றியும் சொன்னார். ஆனால் படத்தை விடவில்லை. கம்பியால் கத்தியைத் தட்டுவதையும் விடவில்லை. காட்சி முடிந்ததும் இருவரும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு மூலையில் நின்று சண்டை பிடிப்பார்கள். "மாடு வெட்டுறவனையும் போய்ப் படமெடுக்கிறனீங்களோ?" "மாடு அழியேல்லை, எமில்டா!"

போன வசந்தத்தில் பெரிய அழைப்பு ஒன்று வந்தது. சிவனேஸ்வரியின் பாடசாலையில் படிப்பிக்கும் கத்தரின், விம்பிள்டனில் இயற்கை ஆர்வலர் சங்கமொன்றின் செயலாளர். போர் தொடங்கியபின் மன்னாரில் தூரக் கடலுக்குப் போகத் தடை. எல்லா வலையும் கரையோரத்தில்தான் விழுகிறது. கடற்பசு மேயும் புல்லும் அங்கேதான். சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்துப் போகவிடுகிற மீனவனுக்குப் புது வலை கொடுக்கவேண்டும், மன்னாரிலுள்ள பாதிரியார் ஒருவர் அதைச் செய்ய ஆயத்தம் என்று சிவனேஸ்வரி சமையலறையில் சொல்லாத நாளில்லை. சங்கத்துக்கு வந்து படங்களைக் காட்டினால் உதவி கிடைக்கலாம் என்றாள் கத்தரின். ஆனால் இரண்டு யோசனைகள் சொன்னாள். கத்திப் படம் முதலில் வரவேண்டும். இரண்டாவது, சிவனேஸ்வரி இவ்வளவு சிரிக்கக்கூடாது. "சபை கோபப்பட்டால்தான் உதவி வரும்."

அந்தக் கிழமை முழுவதும் சிவனேஸ்வரி கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரிக்காமல் ஒத்திகை பார்த்தார். "இவன்தான் அவற்றைக் கொல்கிறவன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கவேண்டும். நடுவில் எமில்டா போன் எடுத்தபோது யோகலிங்கம் உளறிவிட்டார். சிவனேஸ்வரி போனை வாங்கினார்.

"வெள்ளைக்காரருக்கு என்ரை தம்பியைத்தானோ அக்கா காட்டப்போறியள்?"

"காட்டாட்டி வலை வராது. வலை வராட்டி உம்மடை ஆக்கள் இன்னும் வெட்டத்தான் செய்வினம். வேறை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"காட்டுங்கோ. நான் முன்னுக்கு வந்து இருக்கிறன்."

வந்தாள். ஊதாச் சேலை, தலைக்குப் பூ. தொப்பிகளும் மழைக்கோட்டுகளுமாக நிறைந்த மண்டபத்தின் முன்வரிசையில், கோயிலுக்கு வந்தவள் போல் இருந்தாள். கத்தரின் விளக்குகளை அணைத்தாள். யோகலிங்கம் பொத்தானை அழுத்தினார். வேட்டியில் சூசைதாசன் எழுந்து நின்றான், ஆளளவு.

சபையில் ஒரு முனகல் ஓடியது. இனி அந்த வசனம் வரவேண்டும். யோகலிங்கம் மனைவியைப் பார்த்தார். சிவனேஸ்வரி எமில்டாவையும் பார்க்கவில்லை, கத்தரினையும் பார்க்கவில்லை. குடைக்கம்பியை மேசையில் வைத்தார். இரண்டடி எடுத்து வைத்து, நேரே வெளிச்சத்துக்குள் போய் நின்றார்.

தன் நிழல் விழுவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். கடலுக்கடியில் புல்வெளி இருப்பதை, அங்கே ஒழுங்கைகள் இருப்பதை, குட்டிக்குப் பால் கொடுக்கும் அந்தச் சாம்பல்நிறச் சீவனை, அது கிழிக்கிற வலைகளை, வலை கிழிந்த வீட்டை. அந்த நடுக்கமில்லாத பழைய சந்தோஷம் ஆங்கிலத்திலும் அப்படியே வந்தது, கைகள் பறந்தன, சிரித்தார். முனகிய சபை கழுத்தை நீட்டியது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோகலிங்கம், "ஏன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டார். "அடுத்த முறை வேட்டியைக் கொஞ்சம் உயத்திக் குத்தவேணும்" என்றார் சிவனேஸ்வரி.

ஆனால் அந்த மண்டபத்தில், கத்தரின் பக்கவாட்டிலிருந்து மெல்ல, "நீங்கள் வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்" என்றபோது, அவர் விலகவில்லை. பேச்சை நிறுத்தாமலே விளக்குப் பக்கம் இன்னும் ஓரடி வந்தார். நிழல் பெருத்து, கடற்பசுவையும் காலையும் கத்தியையும் மூடிக்கொண்டு மேலே ஏறியது. சிரிக்கும் முகத்தை அது தொடப்போன நேரத்தில், சிவனேஸ்வரி தன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.