உபதேசியார் வீட்டுக்கு வந்தவர்

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடத்தில், காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வயதான தம்பதி ஒன்று குடிவந்தது. திருநெல்வேலிப் பக்கம் இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரில் காலை நீட்டி உட்கார வேண்டிய வயதில் சபை ஊழியத்துக்காகக் கப்பலேறி வந்திருந்தார்கள். அவரை உபதேசியார் என்றும் அவர் மனைவியை உபதேசியாரம்மா என்றும் எல்லோரும் அழைத்தோம்.

அவர்களுடைய ஒரே மகன் யுத்தத்துக்கு முன்னால் இங்கே ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்தவர். ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பவில்லை. "அவன் விசுவாசத்தோட போய்ச் சேர்ந்தான். அவன் விட்ட இடத்துல நாங்க ஊழியம் செய்ய வந்தோம்" என்று உபதேசியார் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

விடியற்காலையில் இருவரும் பாடுவது எங்கள் வீட்டில் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டுவாள். பிறகு உபதேசியார் துண்டுப் பிரசுரங்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்து தமிழ் மறந்துபோன செட்டிக் குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றை வாங்கிக் காகிதக் கப்பல் செய்தார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை, இன்னொன்று கொடுப்பார். உபதேசியாரம்மா வாசலில் முக்காலி போட்டு, பிள்ளைகளின் புண்ணைக் கழுவி மருந்து போடுவார். "சாக்கிட்?" என்று, வலிக்கிறதா எனக் கேட்கும் அளவுக்கு மலாய் கற்றிருந்தார். மருந்துக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட ஜெபத்துக்கு வந்ததில்லை.

ஒருநாள் என் முழங்கால் புண்ணை அவர் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பழ லாரி வந்து நின்றது. மலாய்க்காரர்கள் வைக்கும் சொங்கோக் தொப்பியோடு ஒருவர் இறங்கினார். பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண். வழி கேட்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

"அம்மா" என்றார் அவர்.

மருந்துத் தண்ணீர்க் கிண்ணம் உருண்டது. உபதேசியாரம்மா எழுந்தார், ஈரக் கையாலேயே அந்த மனிதரின் முதுகில் படார் படாரென்று அடித்தார். "ஏலே, எங்கலே போய்க் கெடந்தே இத்தனை வருசமா?" குரல் உயர்த்தி ஒரு சொல் பேசி நான் கேட்டிராத அம்மா அவர்.

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். சயாமில் காலரா வந்து கிடந்தவரைக் கூட இருந்த மலாய்க்காரர் ஒருவர் முதுகில் சுமந்து காப்பாற்றினாராம். யுத்தம் முடிந்ததும் செங் கிராமத்திலுள்ள தன் வீட்டுக்கே கூட்டிவந்தாராம். பிறகு அவருடைய தங்கையைத்தான் இவர் கட்டிக்கொண்டார். "எழுதத் தைரியம் வரலம்மா. பண்டார் ஹிலிர்ல கடை வச்சிருக்கிற பாய்தான், உங்க அப்பா அம்மா இங்க இருக்காங்கன்னு சொன்னாரு."

உபதேசியார் வாசற்படியில் வந்து நின்றிருந்தார்.

"இப்ப உம் பேரு என்ன?"

அவர் சொன்னார். முஸ்லிம் பெயர்.

உபதேசியார் கைகூப்பினார். "எம் மகன் சயாம்ல செத்துப்போனான். நீங்க போயிட்டு வாங்க."

அந்த 'நீங்க'வை என்னால் நம்பவே முடியவில்லை. பிரசுரத்தைக் கப்பல் செய்கிற பிள்ளைகளைக்கூட ராஜா, கண்ணு என்று கொஞ்சுகிறவர், உயிரோடு எதிரே நிற்கும் மகனைச் செத்துப்போனான் என்கிறாரே!

உபதேசியாரம்மா கணவரைப் பார்த்தார். எங்கே போனாலும் அவருக்கு ஓரடி பின்னால் நடக்கிறவர். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். லாரி போய்விட்டது. உபதேசியார் கூப்பிய கையை இறக்கவே இல்லை.

நான் கட்டு அவிழ்ந்த காலோடு வீட்டுக்கு ஓடினேன். "உபதேசியாரோட செத்துப்போன மகன் லாரியில வந்து அந்தம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டாரு!" என்றேன். அம்மா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் உபதேசியாரம்மா திரும்பி வந்தார். சோறாக்கினார். இரவு ஜெபத்தில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

அதன்பின் அவர்கள் நாட்கள் பழையபடியே நடந்தன. வியாழக்கிழமைகளில் மட்டும் உபதேசியாரம்மா பஸ் ஏறிச் செங்குக்குப் போவார். உபதேசியார் எதுவும் கேட்கமாட்டார், தடுக்கவும் மாட்டார். திரும்பி வந்ததும் உபதேசியாரம்மா நேரே எங்கள் வேலியோரம் வந்து அம்மாவைக் கூப்பிடுவார்.

"பேத்திக்குக் கீழ ரெண்டு பல்லு வந்திருச்சு! நெத்தி அப்படியே அவ தாத்தாவுக்கு!"

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் அம்மாவிடம் தெருவே கேட்கும்படி கத்துவார். அம்மாவும் அதே சத்தத்தில், "அப்படியாம்மா? நடக்கப் பாக்குறாளா?" என்பாள். பாவம், உபதேசியாரம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நான் வருத்தப்பட்டேன். உள்ளே சத்தமாக வேதம் வாசித்துக்கொண்டிருக்கும் உபதேசியாரின் குரல் அந்த நேரத்தில் நின்றுபோகும். வயதானவர், வாசித்தபடியே தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வேன்.